நான்கு பண், ஒரே நவரோஜ்: பண் ஆராய்ச்சிக் கூட்டத்துக்குப் போய் வந்த அனுபவம்

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வியில்தான் இது தொடங்கியது. தேவாரப் போட்டிக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கையில் இருந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "டீச்சர், மந்திரமாவது நீறுக்கு காந்தாரம்னு போட்டிருக்கு. மண்ணில் நல்ல வண்ணத்துக்கு கொல்லின்னு போட்டிருக்கு. நீங்க ரெண்டையும் ஒரே ராகத்துலதான பாடுறீங்க? அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?"

நியாயமான கேள்வி. காந்தாரம், கொல்லி எல்லாம் பண்கள், அதாவது பழைய தமிழ் இசையின் ராகங்கள். இரண்டையும் இன்று நவரோஜ் என்ற ராகத்தில்தான் பாடுகிறோம். இவை மட்டுமில்லை, 'வேயுறு தோளிபங்கன்' பியந்தைக் காந்தாரம், அதுவும் நவரோஜ். கொல்லிக்கௌவாணம் என்று தனிப் பண் இருக்கிறது, அதற்கும் நவரோஜ்தான். நான்கு பெயர், ஒரே ராகம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு அவருடைய ஆசிரியர் சொன்னார். பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்து அப்போதே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்தக் கேள்வி எனக்குள் ஒரு நாளும் எழவில்லை என்பது என்னை உறுத்தியது. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன். விசாரிக்கப் போன இடங்களில் எனக்குப் பெரிதும் பயன்பட்டது ஒன்று: சென்னை ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் ஆண்டுதோறும் டிசம்பரில் நடத்தும் பண் ஆராய்ச்சிக் கூட்டம். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அது எவ்வளவு தூரம் உதவும், யார் போகலாம், போனால் என்ன கொண்டுவரலாம் என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் நான் செய்த ஒரு செலவைச் சொல்லிவிடுகிறேன். இசை ஆசிரியர்களுக்கான ஆய்வுப் பயிலரங்கு என்று ஒரு நிறுவனம் இணையவழியில் நடத்தியது. இரண்டு நாளுக்கு 2,500 ரூபாய் கட்டினேன். பேசியவர்கள் படித்தவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு நாளிலும் யாரும் ஒரு வரி பாடவில்லை. திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார்கள். ஒரு கட்டுரையின் பிரதி கேட்டேன். "அது இன்னும் வெளியாகவில்லை, தர முடியாது" என்று பதில் வந்தது. கடைசியில் சான்றிதழ் வந்தது. திங்கள்கிழமை காலை வகுப்பில் அதை வைத்து நான் என்ன செய்ய? பாட்டைப் பற்றிய ஆராய்ச்சியைப் பாடிக் காட்டாமல் பகிர முடியாது என்பது அன்று எனக்கு உறுதியானது. அதனால்தான் பண் ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு முதல் தடவை போனபோது அவ்வளவு நிறைவாக இருந்தது.

இந்தச் சங்கத்தின் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் இசைச் சங்கம் 1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1941-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழ் இசை மாநாடும் அதையொட்டி எழுந்த வாதங்களும் பலருக்குத் தெரிந்ததே. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று கேட்டதோடு சங்கம் நிற்கவில்லை. பழைய பண்கள் எவை, இன்றைய ராகங்களோடு அவற்றுக்கு என்ன உறவு என்று உட்கார்ந்து ஆராய 1949 முதல் தனிக் கூட்டமே நடத்தியது. தேவாரம் பாடுகிற ஓதுவார்கள் ஒரு பக்கம், கச்சேரி வித்வான்கள் ஒரு பக்கம், தமிழ்ப் புலவர்கள் ஒரு பக்கம் என மூன்று தரப்பையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தார்கள். எம். எம். தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் அதில் உழைத்தார்கள். ஆரம்ப காலக் கூட்டங்களின் முடிவுகளைச் சங்கமே தொகுத்து அச்சிட்டிருக்கிறது. நட்டபாடை என்றால் கம்பீர நாட்டை, கௌசிகம் என்றால் பைரவி, செந்துருத்தி என்றால் மத்தியமாவதி என்று நாங்கள் வகுப்பில் சட்டென்று சொல்லிவிடுகிற இணைகளுக்குப் பின்னால் இப்படி எத்தனையோ நாள் பாடிப் பார்த்துப் பேசிய உழைப்பு இருக்கிறது.

இதற்கும் முன்னோடி தஞ்சாவூர். ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். மருந்து விற்று வந்த பணத்தை வைத்துக்கொண்டு 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று தொடங்கி, வித்வான்களைக் கூப்பிட்டு மாநாடுகள் நடத்தினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மனிதர் தனியாக எவ்வளவு சுமந்திருக்கிறார் என்று.

சரி, கூட்டம் எப்படி இருக்கும்? நான் போன வருஷங்களில் காலை நேரத்தில் நடந்தது. மாலையில் இசைவிழாக் கச்சேரிகள். பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை விடுகிற சமயம் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு வசதி. விருத்தாசலத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவேன். பெரம்பூரில் அக்கா வீடு. காலையில் பிராட்வே பஸ் பிடித்தால் மன்றத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடலாம். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையமும் நடக்கிற தூரம்தான். டிக்கெட் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நோட்டும் பென்சிலுமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஒருவர் கட்டுரை வாசிப்பார். ஒரு பண்ணை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை பதிகம் இருக்கிறது, கட்டளை, அதாவது பாட்டின் சந்த நடை, எப்படி அமைகிறது, பழைய நூல்கள் என்ன சொல்கின்றன, இன்று எந்த ராகத்தில் பாடுகிறோம் என்று வரிசையாகச் சொல்வார். அடுத்து ஓதுவார் பாடுவார். அப்புறம் கேள்வி. இந்தக் கேள்வி நேரத்துக்காகவே அவ்வளவு தூரம் போகலாம். "நீங்கள் சொன்ன அந்தப் பிரயோகம் எங்கள் பாடசாலையில் கிடையாது" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து தன் பாடத்தைப் பாடுவார். முதலில் பாடியவர் கோபப்படாமல் கேட்பார். "அப்படியும் உண்டு, என் ஆசிரியரும் ஒரு தடவை அப்படிப் பாடினார்" என்பார். எழுத்தில் இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிற விஷயம் இப்படி மூன்று நிமிஷத்தில் காதுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

என் நவரோஜ் சங்கதி இரண்டாவது தடவை போனபோதுதான் பிடிபட்டது. பேசியவர் பண்களை நேரப்படி பிரித்துச் சொன்னார்: பகற்பண், இராப்பண், பொதுப்பண். புறநீர்மை, காந்தாரம், பியந்தைக் காந்தாரம், கௌசிகம், இந்தளம், நட்டபாடை இவையெல்லாம் பகல். தக்கராகம், சீகாமரம், கொல்லி, கொல்லிக்கௌவாணம், மேகராகக் குறிஞ்சி இவையெல்லாம் இரவு. செவ்வழியும் செந்துருத்தியும் பொது. இந்தப் பட்டியல் என் புத்தகத்திலும் இருந்தது. தேர்வுக்குப் படித்து எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது எனக்குத் தோன்றாத ஒன்று. "காந்தாரம் பகலில் பாட வேண்டியது. கொல்லி இரவில் பாட வேண்டியது. இரண்டும் அன்றைக்கே ஒரே ராகமாக இருந்திருந்தால், ஒன்றைப் பகலுக்கும் இன்னொன்றை இரவுக்கும் ஏன் ஒதுக்குவார்கள்?"

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாகக் கண் முன்னால் இருந்த பட்டியல். அதே பட்டியல்தான் பதிலையும் வைத்திருந்தது.

அவர் அதோடு விடவில்லை. நவரோஜ் மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்திலிருந்து மத்திய (நடு ஸ்தாயி) பஞ்சமம் வரை மட்டுமே உலவுகிற ராகம். மேலே தார (மேல் ஸ்தாயி) ஷட்ஜம் தொடாது. சின்ன எல்லை. ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்த நான்கு பண்கள், பாடுகிற வாய்கள் குறையக் குறைய, இந்தச் சின்ன எல்லைக்குள் ஒன்றாகக் கரைந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. இன்னொருவர் எழுந்து, ராகத்தை மட்டும் பார்த்தால் போதாது, கட்டளையையும் பாருங்கள் என்றார். 'மந்திர மாவது நீறு, வானவர் மேலது நீறு' என்பது ஒரு நடை. 'மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம் வைகலும்' என்பது வேறு நடை. சுரம் ஒன்றாகிப் போனாலும் நடையில் பழைய வேறுபாடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். இருவரும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

அப்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய நீறு, மடியில் மடித்து வைத்த அங்கவஸ்திரம். அவரைப் பாடச் சொன்னார்கள். ஒன்றும் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு 'மந்திரமாவது' எடுத்தார். பாட்டு முழுக்கக் காந்தார சுரத்தில் வந்து வந்து நின்றது, திண்ணையில் உட்கார்கிற மாதிரி. முடித்துவிட்டு, அதே சுருதியில், மூச்சு வாங்கிக்கொண்டு 'மண்ணில் நல்ல வண்ணம்'. இதில் குரல் அடிக்கடி கீழே போனது. மந்தரத்தில் தைவதம் வரை இறங்கி, அங்கே கொஞ்சம் தங்கி, மெல்ல மேலேறி வந்தது. இரண்டும் நவரோஜ்தான். ஆனால் ஒன்று உட்கார்கிற இடத்தில் மற்றது உட்காரவில்லை. "ஐயா, வேணும்னு இப்படி வித்தியாசப்படுத்திப் பாடினீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "இல்லீங்க, பாடம் அப்படி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இடைவேளையில் அவரிடம் போனேன். "எந்த ஊரும்மா?" என்றார். விருத்தாசலம் என்றேன். "எருக்கத்தம்புலியூர் பக்கத்துலேயே இருக்கீங்க, பண்ணுக்கு உங்க ஊர்க்காரங்கதானே மூலம்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில் இராஜேந்திரப்பட்டினம் இருக்கிறது. அதுதான் பழைய திருஎருக்கத்தம்புலியூர். ஞானசம்பந்தரோடு யாழ் வாசித்துக்கொண்டு நடந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். உமாபதி சிவாச்சாரியார் பாடிய திருமுறை கண்ட புராணத்தில் ஒரு செய்தி வருகிறது. தில்லையில் பூட்டிய அறையில் புற்று மூடிக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எடுத்தார்கள். செல்லரித்தது போக எஞ்சியது கிடைத்தது. பாட்டு கிடைத்துவிட்டது, ஆனால் எந்தப் பாட்டுக்கு எந்தப் பண் என்று யாருக்கும் தெரியவில்லை. பாணர் மரபில் வந்த ஒரு பெண் எருக்கத்தம்புலியூரில் இருக்கிறாள் என்று அறிந்து அவளை அழைத்துவந்தார்கள். அவள் பாடிப் பாடிப் பண்ணை வகுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரி. ஏடு அரித்துப் போனாலும் அவள் தொண்டையில் அது பத்திரமாக இருந்தது. பிள்ளைகளை அந்தக் கோயிலுக்கு ஒரு தடவை அழைத்துப்போய், பிரகாரத்தில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒருத்தி, "அந்த அம்மா பாடுனதத்தான் டீச்சர் நாமளும் பாடுறோமா?" என்றாள். ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த இடைவெளியைத்தான் ராஜா அண்ணாமலை மன்றத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக அளந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

அங்கிருந்து வகுப்புக்குக் கொண்டுவந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை எந்தப் பாட்டு டீச்சரும் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

சிலப்பதிகாரம் சொல்கிற ஏழு பாலைகளைப் பற்றி, அதாவது ஏழு அடிப்படைச் சுர வரிசைகளைப் பற்றி, ஒரு காலை பேச்சு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரப் பெயர்களை நாங்கள் மனப்பாடம் செய்யவைப்போம். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை என்று அதையும் மனப்பாடம். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பேசியவர் பக்கத்தில் ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு, கறுப்புக் கட்டையைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஐந்தாம் கட்டையை ஷட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தார். ஹரிகாம்போதி வந்தது. அதுதான் செம்பாலை. அடுத்த வெள்ளைக் கட்டை, அதாவது ஆறாம் கட்டையை ஷட்ஜமாக்கி, சுருதியையும் மாற்றிவிட்டு, அதே வெள்ளைக் கட்டைகளை வாசித்தார். நடபைரவி, அது படுமலைப்பாலை. ஏழாம் கட்டையில் தொடங்கினால் இரண்டு மத்தியமம் வந்து பஞ்சமம் இல்லாமல் போகிறது. அது செவ்வழி. ஒன்றாம் கட்டையில் சங்கராபரணம், அரும்பாலை. இரண்டில் கரகரப்பிரியா, கோடிப்பாலை. மூன்றில் தோடி, விளரிப்பாலை. நான்கில் கல்யாணி, மேற்செம்பாலை. ஏழு பாலையும் முடிந்தது. அவர் விரல் ஒரு கறுப்புக் கட்டையைக் கூடத் தொடவில்லை.

பழைய மாணவர்கள் வாங்கிக்கொடுத்த கீபோர்டு ஒன்று எங்கள் பள்ளியில் உறை போட்டு அலமாரியில் இருந்தது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் அதை எடுத்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பிள்ளையை நிறுத்தி, அவரவர் கட்டையிலிருந்து தொடங்கி வாசிக்கச் சொன்னேன். போனில் சுருதிப்பெட்டியை அந்தந்தக் கட்டைக்கு நான் மாற்றிக்கொண்டே வந்தேன். சுருதியை மாற்றாமல் செய்தால் இது ஒன்றும் புரியாது, அதை மறந்துவிடாதீர்கள். ஏழாம் கட்டைப் பையன் வாசித்து முடித்ததும் முகம் சுளித்து, "டீச்சர், இதுல நிக்கிறதுக்கு எடமே இல்ல" என்றான். பஞ்சமம் இல்லாததை அவன் காது கண்டுபிடித்துவிட்டது. நான்காம் கட்டைப் பெண் வாசித்தபோது கடைசி பெஞ்சில் இருந்து ஒருத்தி "கல்யாணி, கல்யாணி!" என்று கத்தினாள். ஒரே ஏழு சுரம், நிற்கிற இடம் மாறினால் பண் மாறுகிறது. இதைப் பழைய தமிழில் பண்ணுப்பெயர்த்தல் என்பார்கள் என்று அப்போதுதான் பலகையில் எழுதினேன். அன்றைக்கு ஒரு கொட்டாவி கூட இல்லை.

செம்பாலை ஹரிகாம்போதிதான் என்பதிலும் எல்லோரும் ஆதியிலிருந்து ஒரே கருத்தில் இல்லை. ஆபிரகாம் பண்டிதர் அதைச் சங்கராபரணம் என்று கொண்டார். விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியான 'யாழ் நூலில்' கணக்குப் போட்டு ஹரிகாம்போதி என்று நிறுவினார். பிறகு டாக்டர் எஸ். ராமநாதன் போன்றவர்களும் அதையே கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு கருத்தையும் சொன்னேன். இரண்டையும் வாசித்துப் பார்த்தார்கள். பெரியவர்களுக்குள்ளும் இப்படிக் கருத்து மாறும், மாறினாலும் முன்னவருக்கு மரியாதை குறையாது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வதில் எனக்கு மகிழ்ச்சி.

கூட்டத்தில் மேடையில் நடப்பது பாதிதான். மீதி, டீ குடிக்கிற இடத்தில் நடக்கிறது. அங்கே எனக்கு மூன்று பேர் பழக்கமானார்கள். ஒருவர் திருநெல்வேலிப் பக்கம் கோயில் ஓதுவார், மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். ஒருவர் இசைக் கல்லூரியில் படித்துவிட்டு வீட்டில் சொல்லிக்கொடுக்கும் தம்பி. மூன்றாமவர் யாழ்ப்பாணத்திலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த பண்ணிசை ஆசிரியை. "எங்கட பக்கம் பள்ளிக்கூடத்திலயே பண்ணிசைப் போட்டி பெரிசா நடக்கும் அக்கா, ஆனா பாடம் கொஞ்சம் வேற மாதிரி" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். படிக்கட்டிலேயே நின்று பாடிக் காட்டினார். அன்றைக்கே நால்வரும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். ஒரே ஒரு விதி: பேச்சு வேண்டாம், பாட்டு அனுப்ப வேண்டும். மாதம் ஒரு பதிகம். அவரவர் ஊரில், அவரவர் ஆசிரியரிடம் படித்தபடி, முதல் பாட்டை மட்டும் பாடி அனுப்ப வேண்டும். யாரிடம் எந்த ஊரில் பாடம் கேட்டது என்பதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

'மண்ணில் நல்ல வண்ணம்' மட்டும் இப்போது எங்களிடம் ஏழு விதமாக இருக்கிறது. குழுவில் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெரியவர்களிடமும் போய்ப் பதிவு செய்துவந்தார்கள். ஏழில் நான்கில் குரல் கீழே மந்தர தைவதத்துக்கு இறங்குகிறது, அந்தப் பெரியவர் பாடியது போலவே. இது பெரிய ஆராய்ச்சி என்று நான் சொல்லவில்லை. ஏழு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் ஒரு சின்ன ஊரில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற எனக்கு, நான் பாடுவது மட்டும்தான் சரி என்ற எண்ணம் போனது. பிள்ளை ஒருத்தி பாட்டியிடம் கற்றதை வேறு மாதிரி பாடினால் இப்போதெல்லாம் நான் திருத்துவதில்லை. "பாட்டி எந்த ஊரு?" என்று கேட்டு, போனை எடுத்துப் பதிவு செய்துகொள்கிறேன்.

மயிலாப்பூர்ப் பக்கம் மியூசிக் அகாடமியின் காலை விளக்கவுரைகளும் இதே பருவத்தில்தான் நடக்கின்றன. 1928-இல் தொடங்கிய அமைப்பு, 1930 முதல் ஆய்விதழ் நடத்துகிறது. பழைய இதழ்களில் ராக லட்சணம் பற்றி அந்தக் காலத்து வித்வான்கள் பேசியதெல்லாம் பதிவாகியிருக்கிறது. கீர்த்தனை, ராகம், தாளம் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள நல்ல இடம், நேரம் கிடைத்தால் இரண்டுக்கும் போங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, தேவாரமோ தமிழ்ப் பாட்டோ சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால், என் பரிந்துரை பண் ஆராய்ச்சிக் கூட்டம்தான். முழுக்கத் தமிழில் காது கொடுத்துக் கேட்டு, தமிழிலேயே எழுந்து கேள்வி கேட்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தைரியம் சின்ன விஷயமில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அன்று எந்தப் பண் என்பதை முன்கூட்டித் தெரிந்துகொண்டு, அந்தப் பண்ணில் இரண்டு பதிகமாவது பாடிப் பார்த்துவிட்டுப் போங்கள். சும்மா போய் உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் பெயர்களைப் பிடிப்பதிலேயே போய்விடும். சுரம் குறிக்கப் பேனா வேண்டாம், பென்சில்தான் சரி. எத்தனை தடவை அழித்து எழுத வேண்டியிருக்கும் என்பது போனால் தெரியும். ஓதுவார்கள் பாடுவதைப் பதிவு செய்வதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள், சிலர் இடைவேளையில் உங்களுக்காக இன்னொரு தடவை மெதுவாகப் பாடியும் காட்டுவார்கள். முன்வரிசையில் இடம் பிடியுங்கள். ஒலிபெருக்கி இல்லாமல் நேராகத் தொண்டையிலிருந்து கேட்டால்தான் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடும். மதியச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, பாரிமுனைப் பக்கம் எல்லாமே கிடைக்கும். எங்கள் குழுவில் உள்ள அந்தத் தம்பி ஒருநாள் பீச் ஸ்டேஷன் பக்கம் அழைத்துப்போய் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்கிக்கொடுத்தான். பாடுகிறவர்கள் பார்த்துச் சாப்பிடுங்கள், காரம் அதிகம்.

கச்சேரி கேட்கிற சுகத்துக்காகப் போனால் ஏமாற்றமாக இருக்கலாம். ஒரே வரியை ஐந்து தடவை பாடுவார்கள், நிறுத்துவார்கள், பேசுவார்கள், மறுபடி பாடுவார்கள். அதில் சுவை கண்டவர்களுக்கானது இது. சொல்லிக்கொடுக்கிற எல்லோருக்கும் அந்தச் சுவை இருக்கும் என்று நினைக்கிறேன், நம் வகுப்பும் அப்படித்தானே நடக்கிறது.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர்கள் வகுப்பில் கண்டதையும் இப்படி ஒரு சபையில் சொல்ல வேண்டும். எந்தப் பண் பிள்ளைகள் குரலில் சீக்கிரம் உட்காருகிறது? நவரோஜின் சின்ன எல்லை ஆறாம் வகுப்புக் குரலுக்கு எவ்வளவு பொருத்தம்! மந்தரத்தில் மட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் சிரமம், அதனால் சுருதியை ஒரு கட்டை ஏற்றிவைத்துக்கொள்வேன். மழை வேண்டிப் பாடுகிற மேகராகக் குறிஞ்சிப் பதிகங்களை நீலாம்பரியில் எடுத்தால், சேட்டை செய்கிற பையன்கள்கூட ஏன் அமைதியாகிறார்கள்? இதையெல்லாம் இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறோம், எழுதிவைத்ததில்லை. போன கோடை விடுமுறையில் நான் எழுதத் தொடங்கினேன். நாற்பது பக்க நோட்டில் பாதி ஆகியிருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், பி.எஸ்ஸி. கணிதம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்குக் கொடுக்க வேண்டிய பதில் பாக்கி இருந்ததால், பகற்பண், இராப்பண் கதையைச் சொல்லி, பெரியவர் பாடிய இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள். "அப்ப நான் கேட்டது தப்புக் கேள்வி இல்லயே டீச்சர்" என்றாள். இந்த டிசம்பரில் அவளும் வருகிறேன் என்கிறாள். கூடவே இப்போது எட்டாம் வகுப்பில் நன்றாகப் பாடுகிற ஒருத்தியும், அவள் அம்மாவும். நான்கு பேருக்கும் எழும்பூர் வரை டிக்கெட் போட்டாயிற்று.